ஒன்றரை பாட்டில் தண்ணீர் குறித்து மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பாப்பாவும் நலம். நீங்களும் அத்தையும் நலமாயிருக்க வேண்டும். எங்கள் நலத்தில் பாப்பாவின் இடது கையை மட்டும் கழித்துக்கொள்ளவும். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் மகள் மூன்று மாதப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று, "ஆம்பளை தனியா பிள்ளையைப் பாத்துக்குவானா? பத்து நாள் தாங்காது, எங்ககிட்ட விட்டுடுங்க" என்றீர்கள். பன்னிரண்டு நாள் தாங்கியது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பதின்மூன்றாம் நாள் காலை நான் அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஒட்டவேண்டும் என்று பாப்பா ஸ்டூல் மேல் ஏறி, மேல்தட்டில் இருந்த கோந்தை எட்டி எடுக்கப்போய், விழுந்துவிட்டாள். அழவில்லை மாமா. அழுதிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். இடது கையை வலது கையால் தாங்கியபடி வந்து நின்று, "அப்பா, பால் பொங்குது" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே அறை வாசலில் அனுமார் வால் மாதிரி வரிசை. அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா, சின்ன வயசுதான், "கையை அசைக்க வேணாம். முதல்ல கட்டில்லயே ஒரு ஸ்கேன் பாத்துடலாம், மெஷினை எடுத்துட்டு வர்றேன்" என்று போனார். ஸ்கேன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த அனுபவசாலி எழுந்துவிட்டான். உங்கள் மகள் மாசமாயிருந்தபோது ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பாட்டிலும் கையுமாக நின்றவனாயிற்றே நான்! வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவில்லையென்றால் படம் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். "தாகமில்லப்பா" என்று பிள்ளை சொல்லச் சொல்ல, "என் கண்ணுல்ல, இன்னும் ஒரு மடக்கு" என்று ஒன்றரை பாட்டில் குடிக்க வைத்தேன். டாக்டரம்மா மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்ததும் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் ரெடி டாக்டர்" என்றேன்.

"எதுக்கு சார் தண்ணி?"

"ஸ்கேனுக்கு."

"சார், ஸ்கேன் கைக்கு."

நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையைத் திருப்பாமல், அழுத்தாமல், ஜெல்லைத் தடவிக் கருவியை மெல்ல நகர்த்தினார். முதலில் நல்ல கை. திரையில் வெள்ளைக் கோடு ஒன்று நேராக ஓடியது. "இதுதான் எலும்போட மேல்பக்கம். இப்ப அடிபட்ட கையைப் பாருங்க." அந்தக் கோடும் நேராகத்தான் வந்தது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே படி இறங்கிவிட்டது. மாமா, எட்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு திரையில்தான், "இதோ கை, விரலை விரிக்குது பாருங்க" என்று காட்டினார்கள். அதே கைதான். அன்றைக்கு முழுசாகத்தானே என்னிடம் கொடுத்தார்கள்? நான் அழுதேன், மறைப்பானேன்.

அதோடு போகவில்லை. "எலும்பை நேராக்க மயக்கம் குடுக்கணும். அதுக்கு வயிறு காலியா இருக்கணும். நீங்க குடுத்த தண்ணிக்கு ரெண்டு மணி நேரம் பொறுக்கணும் சார்" என்றார். வலிக்கு மருந்து கொடுத்தார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், அப்புறமும் நேரம் நகரவே இல்லை. அதற்குள் மூன்று தடவை பாத்ரூம் போகவேண்டும் என்றாள், மூன்று தடவையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். மூன்றாம் தடவை என் காதோரம், "நீ நல்லதுக்குத்தானேப்பா குடுத்த" என்று சொன்னாள். என்னைத் திட்டியிருக்கலாம் மாமா, தாங்கியிருப்பேன்.

எலும்பு நன்றாகச் சேர்ந்துவிடும், ஆறு வாரம் மாவுக்கட்டு என்கிறார்கள். நீங்கள் வந்து பாப்பாவை அழைத்துக்கொண்டு போனால் எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனாலும் காலைப் பிடித்துக் கேட்கிறேன், என்னிடமே விட்டுவையுங்கள். அவள் இல்லாத வீட்டில் பால் பொங்கினால் யார் சொல்வார்கள்? அந்த ஸ்டூலை அன்றைக்கே தூக்கி வீசிவிட்டேன். இனி இந்த வீட்டில் யார் காலும் தரையை விட்டு எழும்பாது. இது சத்தியம்.

அத்தைக்கு என் வணக்கம். முதலில் உங்கள் கோபத்தையும், ஆறிய பிறகு ஆசியையும் எதிர்பார்க்கும்,

உங்கள் மருமகன்.

பி.கு. தாத்தா, இதை நான் எழுதுறேன். அப்பாவால எழுத முடியாது. இந்தக் கவரை ஒட்டுறதுக்குக் கோந்து எடுக்க ஸ்டூல்ல ஏறினாரு. அதை வீசல, கதவுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. அப்பாவுக்கு வலது கை. அதே டாக்டர், அதே மெஷின். கோடு எங்க படி இறங்குதுன்னு நான்தான் முதல்ல காட்டினேன். டாக்டர் வர்றதுக்கு முன்னாடி அப்பா பயத்துல தண்ணி பாட்டிலைத் திறந்தாரு, நான் பிடுங்கிட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து இப்ப ரெண்டு கைதான் இருக்கு. நீங்களும் பாட்டியும் உடனே வாங்க. ஆனா என்னைக் கூட்டிட்டுப் போக மட்டும் வராதீங்க தாத்தா. அப்பா தனியா பத்து நாள் தாங்க மாட்டாரு.