மூன்றாம் ஓலைக்கு வந்த தடை

சில்வஸ்டர் ஓடிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது எஸ்டேட் கிளார்க் ஒருவர் குன்னூர் மேட்டில் மேல்நோக்கி ஓடுகிறார் என்றால், திருச்சபையின் ஒழுங்கு எவ்வளவு உயிர்த்துடிப்போடு இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உபதேசியார் ஒச்சப்பன்தான் போன் செய்திருந்தார். "ஏனுங்க, உங்க கல்யாணத்துக்குத் தடைன்னு மேல எழுதி ஒரு கவர் வந்துருக்குதுங்க. ஃபாதர் இன்னும் பிரிக்கல. லீவு சொல்லிட்டு வெரசா வாங்க."

மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. 'இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்று கேட்டபோதெல்லாம் ஒரு தும்மல்கூட எழவில்லை. சனிக்கிழமை கல்யாணம் முடிந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பூசையில் சில்வஸ்டர் நன்மை என்னும் நற்கருணை அப்பம் வாங்கலாம். பத்தொன்பது வருஷமாக, ஊரே எழுந்து வரிசையில் போகும்போது கடைசி பெஞ்சில் முழங்காலை ஒதுக்கி வழிவிடும் ஊழியத்தை அவர் செவ்வனே செய்துவந்தார். காரணம், கத்தோலிக்கத் திருச்சபையின் அனுமதி வாங்காமல் லுத்தரன் கோயிலில் நடந்த ஒரு பழைய கல்யாணம்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் புதிதாக வந்த பங்குத்தந்தை ரெனிஷ் அடிகளார். நாலு மாதம் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, அரிய உண்மையைக் கண்டுபிடித்தார்.

"அது நமக்குக் கல்யாணமே இல்லீங்க. அதனால நீங்க 'மணமாகாதவர்'. தாராளமா இங்க வெச்சுக்கலாம்."

"அன்னிக்குப் பந்தியில முந்நூறு பேரு சாப்புட்டாங்களே, ஃபாதர்."

"சாப்பாடு செல்லுமுங்க. கல்யாணம்தான் செல்லாது."

மணமகள் யூனிஸ் டீச்சர் லுத்தரன் சபை. அவருடைய சபைப் போதகரான ஐயர் மூன்று கமிட்டிக் கூட்டம் போட்டு, 'ஆட்சேபணை இல்லை. மகிழ்ச்சியும் இல்லை' என்று கடிதம் கொடுத்தார். இரு சபைகளின் ஒற்றுமை இதைவிட எங்கே வெளிப்படும்?

அடுத்தது மணமக்கள் ஆயத்த வகுப்பு. நடத்தியவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த அஸ்வந்த். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகாத கல்யாண நிபுணர். 'உங்கள் துணைவர் கோபத்தில் என்ன செய்வார்?' என்று எழுதச் சொன்னார். மற்ற மாப்பிள்ளைகள் பேனாவைக் கடிக்க, சில்வஸ்டர் அரை நிமிஷத்தில் எழுதி நீட்டினார்: 'பேசமாட்டாள். டீயில் சர்க்கரை போடமாட்டாள்.'

அஸ்வந்த் அவரைத் தனியே கூப்பிட்டார். "சார், கல்யாணத்துக்கு முன்னாடியே இவ்வளவு தெரிஞ்சிருக்கறது ஆபத்துங்க."

சான்றிதழில் 'மிகச் சிறப்பு' என்று போட்டும் கொடுத்தார்.

இத்தனை படியேறியபின் ஒரு கவர். சில்வஸ்டர் மூச்சிரைக்க அடிகளாரின் அறைக்குள் நுழைந்தார். ஒச்சப்பன் டீ நீட்டினார். ஒரு வாய் குடித்ததும் சில்வஸ்டருக்குக் கண் கலங்கியது.

"ஏனுங்க, சுட்டுப்போடுச்சா?"

"இல்லீங்க. மூணு வாரங்கழிச்சு இன்னிக்குத்தான் சர்க்கரை போட்ட டீ குடிக்கறேன்."

அடிகளார் கவரைப் பிரித்துக் கம்பீரமாக வாசிக்கத் தொடங்கினார்.

'மதிப்பிற்குரிய ஃபாதர் அவர்களுக்கு, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி மூன்று முறை கேட்டீர்கள். தெரிவிக்கிறேன். இவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். உயிரோடு, அதே வீட்டில், பத்தொன்பது வருஷமாக.'

குரல் இறங்கியது. சில்வஸ்டர் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திப் பழகிய சிவப்பு மை.

"மேல படிங்க, ஃபாதர்," என்றார் மெதுவாக.

'என்னையும் மூன்று முறை மணமாகாதவள் என்று ஊர் கேட்க வாசித்தீர்கள். எங்கள் கெஸியாவுக்கும் ஷிஜோவுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது உங்கள் கோயில்தான். மணமாகாத எனக்கு அவர்கள் எப்படிப் பிறந்தார்கள் என்பதை நாலாவது ஓலையில் நீங்களே வாசித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய முதல் மனைவியும், சனிக்கிழமை நீங்கள் கட்டிவைக்கவிருக்கும் இரண்டாம் மனைவியுமான
யூனிஸ்.'