மின்னல்சாமியின் செம்புக் கூண்டு

திருமங்கலம் பக்கத்துப் பொட்டலில் மின்னல்சாமி இறங்கியிருக்கிறார் என்றதும் மதுரையே பஸ் ஏறியது. செம்புக் கம்பிக் கூண்டுக்குள் சாமி உட்காருவாராம். பக்கத்து இயந்திரத்திலிருந்து கூண்டின்மேல் மின்னல் பாயுமாம். சாமி சிரிப்பாராம். பிறகு மந்திரித்த மோதிரம் விற்பாராம். அதைப் போட்டவனை இடி அண்டாதாம்.

முதல் வரிசையில் கைகூப்பி நின்றவர் சந்தானம், கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். வருஷா வருஷம் கரும்பலகையில் உலோகக் கோளம் வரைந்து, ‘உள்ளே எங்கும் ஒரே மின்னழுத்தம்’ என்று அடிக்கோடு போடுகிறவர். அது பரீட்சைக்கு. இது சாமி. இரண்டையும் குழப்பிக்கொள்ள அவர் என்ன முட்டாளா? மோதிரமும் வாங்கி மாட்டிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற ஆடு மேய்க்கும் அழகுபாண்டி தன் மோதிரத்தைக் கண்ணில் ஒற்றினார். “இனி இடி இடிச்சாலும் ஆட்டோட பொட்டல்லயே நிப்பேன் சார்.”

சந்தானம் தன் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனைவி வசுந்தரா காதோரம் கேட்டாள்: “ஏங்க, மோதிரத்துக்கே அம்புட்டு சக்தின்னா சாமிக்குக் கூண்டு எதுக்கு?”

அப்போதுதான் பேராசிரியருக்குப் பாடம் புரிந்தது. மோதிரத்தைக் கழற்றி வீசிவிட்டு மேடை ஏறினார்.

“சாமி, மோதிரம் இல்லாம நான் உள்ள போறேன். மோதிரத்தோட நீங்க வெளிய நில்லுங்க.”

“பாவி! உள்ள போனா சாம்பலாயிருவே!”

“பாத்துருவோம்!” என்றது கூட்டம். யார் சாம்பலானாலும் கூட்டத்துக்கு வேடிக்கைதானே.

சந்தானம் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். நடத்திய பாடம் பொய்யாகிவிட்டால்? சீடன் விசையைத் தட்டினான். மின்னல் கூண்டைக் கவ்வியது. பேராசிரியர் அறிவியலை மறந்து குலதெய்வத்தைக் கூப்பிட்டார். கண் திறந்தால், ஒரு மயிரும் கருகவில்லை. மோதிரம் மின்ன நின்ற சாமியோ மேடையின் மறுகோடிக்குப் பாய்ந்திருந்தார்.

“கூண்டு உலோகம்யா!” என்று வெளியே வந்து கத்தினார் சந்தானம். “மின்சாரம் வெளிப்பக்கமே பரவிரும். உள்ள எங்க தொட்டாலும் அழுத்தம் ஒண்ணுதான். வித்தியாசம் இருந்தாத்தான ஷாக்கடிக்கும்? இதே மரக்கூண்டா இருந்தா இடத்துக்கு இடம் அழுத்தம் மாறும், சாமி கருகிருவாரு. இப்ப நீங்க வாங்க சாமி, மின்னல்கிட்ட!”

“இன்னைக்கு விரதம்” என்று சாமி காரைத் தேடினார். ஜனங்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அழகுபாண்டி தடாலென்று சந்தானத்தின் காலில் விழுந்தார். “நீங்கதான் நெசச் சாமி! ஒரு மோதிரம் மந்திரிச்சுக் குடுங்க சார்!”

“எந்திரிங்கண்ணே! இடி இடிச்சா பொட்டல்ல நிக்காம கட்டடத்துக்குள்ள ஓடுங்க. பாடம் நடத்துற நானே இங்க கைகூப்பி நின்னேன், என்னைப் போய்க் கும்பிடுறீங்களே! ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்க. கேட்டா கோவப்படுறது சாமியில்ல, ஏவாரி.”