பதினாறு ‘இல்லை’கள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
புதன்கிழமை காலை.

சௌபாக்கியவதி டாக்டர் புவனேஸ்வரிக்கு,

உன் பெரியம்மா லோகாம்பாள் எழுதுவது. ஏகாம்பரநாதர் அருளால் நான் இங்கே நலம் என்று அடுத்த வரி வர வேண்டும். நான் நலமில்லை என்று தெரிவிப்பதற்கே இந்தக் கடிதம் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை உன் கிளினிக்கில் ஷாரோன் என்கிற பெண் என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, "ஆயா, இத்த ஃபில் பண்ணிக் குடுங்க" என்றாள். எனக்கு எழுபத்து மூன்று வயது என்பது உண்மை. நான் அவளுக்கு ஆயா இல்லை என்பதும் உண்மை. படிவத்தில் நான்கு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திவிட்டுத்தான் கேள்விகளுக்கு வந்தேன். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இதய நோய் உண்டா, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எவை என்று பதினாறு கேள்விகள். பதினாறுக்கும் ‘இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்தை மட்டும் பார்த்திருந்தால், கான்வென்ட்டில் எனக்குப் பாடம் சொன்ன சிஸ்டர் அலோஷியஸ் மகிழ்ந்திருப்பார்.

ஏன் அப்படி எழுதினேன் என்றால், உன் குரல்தான் காரணம். நீ தறி வீட்டுப் பெண். மூன்று தறி ஓடும் வீட்டில் சோறு வேண்டும் என்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். உன் அப்பா ரகசியம் பேசினால் எதிர்வீட்டிலிருந்து பதில் வரும். பல் மருத்துவம் ஐந்து வருடம் படித்தும் உன் குரல் இறங்கவில்லை. எனக்கு முன்னால் உள்ளே போனவரிடம், "மூலத்துக்கு இன்னா மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டாய். கதவு சாத்தித்தான் இருந்தது. வெளியில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேருக்கும் கேட்டது. அவர் வெளியே வந்ததும் ஒன்பது பேரும் எழுந்து இடம் கொடுத்தோம், அவர் உட்காரவில்லை.

அந்த ஒன்பது பேரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் ஒருத்தி. அவளுக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து, கட்டுப்பாடு இல்லாத வாய்க்குத்தான் வியாதி வரும் என்று பன்னிரண்டு வருடமாக அவளுக்கு நான் எடுத்துச் சொல்லி வருகிறேன். மேலும், உன் பெரியப்பா போன பிறகு, யாரும் என்னைப் பார்த்து ‘பாவம்’ என்று சொல்லிவிடக் கூடாது என்று வாழ்ந்து வருகிறவள் நான். அவள் காதுபட நான் எதைச் சொல்வது?

பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, "அரை மணி நேரம் கடிச்சிக்கினு இருங்க பெரியம்மா, நின்னுடும்" என்று அனுப்பினாய். நிற்கவில்லை. மதியம் மூன்று மணிக்கும் நிற்கவில்லை. சம்பூர்ணம் வாசலில் வந்து, "இன்னாக்கா, வலி தேவலையா?" என்றாள். வாயைத் திறக்க வழியில்லாததால், ‘காமாட்சியம்மனுக்கு மௌன விரதம்’ என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் மூன்று பெண்கள் வெற்றிலை பாக்குடன் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி, மருமகளுக்குப் பிரசவம் நல்லபடி ஆக வேண்டும் என்று என்னிடமே வேண்டிக்கொண்டாள். நான் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே கையைத் தூக்கி ஆசீர்வதித்தேன்.

ரத்தம் நிற்கவில்லை என்று யார் சொன்னார்களோ, ஐந்து மணிக்கு நீ ஸ்கூட்டரில் வந்தாய். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, வாசலில் நின்றபடி, "பெரியம்மா, ரத்தத்த மெல்லிசாக்கற மாத்திரை எதுனா சாப்பிடறீங்களா?" என்றாய். தெருக்கோடியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். நீ தையல் போட்டாய், ரத்தம் நின்றது. "அப்போ ரத்தத்துலயே ஏதோ கோளாறு இருக்குது. வேலூருக்கு இட்டுக்கினு போய் டெஸ்ட் எடுக்கணும்" என்று சொன்னபோது, உன் குரல் முதல் முறையாக இறங்கியது. அன்றிலிருந்து அதுதான் என்னை உறுத்துகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை அடுத்த பல். உன்னிடம் சொல்லாமலே சமாளிக்கலாம் என்று, நீ கேட்ட அந்த மாத்திரையை நானாக இரண்டு நாள் நிறுத்தினேன். நேற்று மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஓர் அழுத்தம். படியிலேயே உட்கார்ந்தேன். அது அடங்கியதும் இதய டாக்டர் கொடுத்த அட்டையை எடுத்துப் படித்தேன். ‘எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தக் கூடாது’ என்று அச்சடித்திருந்தார்கள். பிழையே இல்லை. அவருக்குப் போன் செய்து, திட்டு வாங்கி, மாத்திரையை விழுங்கினேன். உன்னிடம் மறைத்ததற்குத்தான் அதிகத் திட்டு.

ஆகவே எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் தினகரனின் புது வீட்டைப் பார்க்கச் சென்னைக்குப் போனதாகச் சொன்னேன். அந்தப் பத்து நாளில் என் மகனின் வீட்டில் ஓர் அறையைக்கூட நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூரையைத்தான் பார்த்தேன். இதயத்தில் ஒரு ஸ்டென்ட். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இரண்டு. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. சர்க்கரை எட்டு வருடமாக. பென்சிலின் கொடுத்தால் எனக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டும். இதை எழுதாமல் விட்டது உனக்கு நான் செய்த துரோகம் என்று இப்போது புரிகிறது. மாத்திரைகளின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் குறித்துக்கொள். ஆனால் உன் அம்மா வடிவாம்பாளிடம் மூச்சு விடாதே. சம்பூர்ணத்துக்குத் தெரிந்தால் நான் வேறு ஊருக்குத்தான் குடிபோக வேண்டும். வெள்ளிக்கிழமை ஏதாவது கேட்க வேண்டுமானால் தாளில் எழுதிக் காட்டு. நானும் எழுதியே பதில் சொல்கிறேன். விரதம் என்று ஏற்கெனவே பரவியிருக்கிறது, வசதிதான்.

உன் கைராசி பெருகட்டும். ஊரில் எல்லாருக்கும் பல் வலிக்கட்டும் என்று வாழ்த்த மாட்டேன். வலிக்கிறவர்கள் எல்லாரும் உன்னிடமே வரட்டும்.

ஆசிகளுடன்,
லோகாம்பாள்

பி.கு.: உறையை ஒட்டப் பசை வாங்கச் சம்பூர்ணம் வீட்டுக்குப் போனேன். உறைமேல் உன் பெயரைப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மாவுக்கா? அந்த நெஞ்சு மாத்திரையப் பத்தி எழுதிட்டீங்களாக்கா?" என்றாள். மருந்துக்கடையில் மூன்று வருடமாக என் மாத்திரைகளையும் அவளுடையதையும் ஒரே தட்டில்தான் எடுத்து வைக்கிறார்களாம். "தெருவுக்கே தெரியும்கா. உங்க மனசு சங்கடப்படுமேன்னு யாரும் கேக்கல. விரதம்னு சீட்டு காட்டினீங்க, அதுல ரத்தம் சொட்டிக்கினு இருந்திச்சி. சரி, விரதமாவே இருக்கட்டும்னு நான்தான் அவங்கள வெத்தல பாக்கோட அனுப்பி வெச்சேன்." உன் அம்மாவுக்கும் தெரியுமாம், டாக்டரிடம் சொல்லாமலா அக்கா வாயைத் திறந்திருப்பாள் என்று இருந்துவிட்டாளாம். ஆக, என் உடம்பைப் பற்றி எங்கள் தெருவுக்கு வந்து போகிறவர்களில் ஒன்றும் தெரியாமல் இருந்தது, என் பல்லைப் பிடுங்கிய நீ ஒருத்திதான். வெள்ளிக்கிழமை வருகிறேன். எப்போதும் போலச் சத்தமாகவே கேள்.