பத்தாம் எண் பனியனை மீட்ட படலம்

மேற்கே முகில் மேயும் மலைத்தொடரும் கிழக்கே பஞ்சு பறக்கும் ஆலைகளும் காவல் நிற்க, இடையிலே விசைத்தறியின் தாளம் கேட்டுக் கண்விழிக்கும் இராசபாளையம் என்னும் பெருநகரில் தோன்றிய தோன்றலை, தோல்விக்கு அஞ்சாத் தோளனை, நூற்றுப் பதினோரு ஆட்டங்களை மைதானத்து ஓரத்தில் நின்றே கண்டு அவற்றுள் நூற்றிரண்டில் நெஞ்சுடைந்தும் மறுவாரம் அதே நெஞ்சை ஒட்டுப்போட்டு எடுத்துவந்த ஏந்தலை, பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்கு மெக்கானிக்காகவும் சஞ்சீவி கால்பந்துக் குழுவுக்கு ரசிகனாகவும் இருவேறு துன்பங்களை ஓருடம்பில் சுமந்த வைகுண்டராஜ் என்னும் நாற்பத்தேழு வயதுச் செம்மலை யாம் பாடத் துணிந்தோம். நாமகள் எம் நாவில் நிற்பாளாக! நிற்காவிடினும் குற்றமில்லை. சஞ்சீவிக் குழுவின் முன்களத்தில் நிற்கவே ஆளில்லாத காலத்தில் எமக்கு மட்டும் யார் வந்து நிற்பார்கள்?

மாண்டாரை எழுப்பும் மூலிகை விளைந்த மலையென்று ஊரார் சொல்லும் சஞ்சீவி மலையின் பெயரைச் சூடிய அக்குழு, சூடிய நாள்முதல் விழுந்ததேயன்றி எழுந்ததில்லை. விழுந்தாலும் பரவாயில்லை, விழுவதற்கேனும் ஆள் வேண்டுமே! கோல்வாயில் காத்த சிவபாண்டி திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனான். பின்களத்து மதிலாய் நின்ற ஷாநவாஸ் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். நடுக்களத்து இரட்டையருள் ஒருவன் போலீஸ் தேர்வில் தேறிப் போனான். தேறாத மற்றவன் வெட்கத்தில் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. ஒவ்வொரு பிரிவின்போதும் நம் நாயகன் பொன்னாடை போர்த்தினான். எல்லாருக்கும் ஒரே பொன்னாடைதான். போர்த்தியதும் படம் எடுப்பான், படம் எடுத்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வான். கோப்பை வெல்லும் தலைவனுக்கென்று ஆசையாய் வாங்கிய அந்தப் பொன்னாடை, ஏழு பேரை வழியனுப்பியே சரிகை உதிர்ந்துபோனது.

ஒவ்வொரு தோல்வியின் முடிவிலும் அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று திசை எட்டும் அதிரச் சூளுரைப்பான்: "இனிமே அந்தக் கிரவுண்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

அவன் இல்லக்கிழத்தி பாண்டீஸ்வரி உலையிலிருந்து கண்ணெடுக்காமல் விடையிறுப்பாள்: "அங்க எதுக்குப் படுக்கீக? வீட்டுல வந்து படுங்க."

மறுவாரம் சனிக்கிழமை மாலை அவன் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பான்.

இத்தனை பேர் போனபோதும் கண் கலங்காதவன், கலங்கியது ராம்குமாருக்கு. பத்தாம் எண் பனியன் தரித்த அவ்விளங்காளை, குழு இரண்டாண்டில் போட்ட இருபத்தேழு கோலில் இருபத்து மூன்றைத் தன்னொரு காலால் போட்டவன். சென்ற ஆவணியில் அவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் அமைந்தது. அனுசியா என்னும் அந்நங்கை தகப்பனில்லாத வீட்டுக்கு ஒரே மகள். ஆகவே மாப்பிள்ளை வீட்டோடு போக நேர்ந்தது. போனவன் சும்மா இருந்தானா? ஒரு திங்களுக்குள் பகைவராகிய தேரடி லெவன்ஸில் சேர்ந்தான். பந்தைக் கண்டால் கால் சும்மா இருக்காது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

குற்றமெல்லாம் நம் நாயகனுடையது. விடைபெறும் நாளில் ராம்குமார் முறைப்படி பனியனைக் கழற்றி நீட்டினான். பொன்னாடையைக் கவனமாய் மடித்து வாங்கிக்கொண்ட நம் நாயகன், அப்போது பொங்கிய பேருணர்ச்சியில் பனியனை மட்டும் அவன் மார்போடு அழுத்தி முழங்கினான்: "இது ஒன்னோடயே இருக்கட்டும் தம்பி! இனி இதை வேற எவனும் போடப்படாது!" கொடைமடம் என்று சான்றோர் சொன்னது இதைத்தான். கூடியிருந்த நால்வர் கைதட்டினார்கள்.

கைதட்டலின் வட்டி பங்குனியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடி லெவன்ஸுடன் ஆட்டம் என்றும், கோல்கீப்பர் நீங்கலாகப் பத்துப் பேரும் ஒரே நிறப் பனியனில் இறங்காவிடில் ஆட்டமில்லை என்றும், ஆட்டமில்லையேல் லீக்கில் சஞ்சீவி என்ற பெயரே இராதென்றும் கமிட்டியின் ஓலை வாட்ஸப்பில் இறங்கியது. வைகுண்டராஜ் பெட்டியைத் திறந்தான். பதின்மூன்றாய் வாங்கிய பனியன்களில் ஒன்று சிவபாண்டியோடு திருப்பூரில் இருந்தது, ஒன்று ஷாநவாஸோடு கடல் கடந்திருந்தது, ஒன்றை ஊர்ப்பெயர் தாங்கிய வெள்ளை வேட்டைநாய் கொடியிலிருந்து இழுத்து நார்நாராய்க் கிழித்திருந்தது. ராம்குமாரோடு போனதும் நீங்க எஞ்சியவை ஒன்பது. புதிதாய் ஒன்று தைக்கலாமென்றால், நான்காண்டு வெயிலிலும் தோல்வியிலும் வெளுத்த அந்தச் சிவப்பு எந்தக் கடையிலும் கிடைப்பதாயில்லை. ராம்குமாருக்குப் போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. சஞ்சீவியின் உயிர் பத்தாம் எண் பனியனில் இருந்தது, அந்தப் பனியன் பகைவர் நாட்டில் இருந்தது.

பகைவர் ஆநிரையைக் கவரப் போவோர் வெட்சி சூடுவர், கவர்ந்ததை மீட்கப் போவோர் கரந்தை சூடுவர் என்பது பண்டைப் போர்நெறி. தானே கொடுத்த பனியனைத் திருப்பிக் கேட்கப் போகிறவன் எந்தப் பூவைச் சூட வேண்டுமென்று எவரும் சொல்லிவைக்கவில்லை. ஆகவே நம் நாயகன் எதையும் சூடாமல், வியாழக்கிழமை தறிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லி, இடப்புறம் மலையும் வலப்புறம் ஒருவருடைய கூடையும் நெருக்க, பன்னிரண்டு கிலோமீட்டரும் நின்றபடியே பஸ்ஸில் கடந்து, கோபுரம் தெரியும் ஊர்க்குள் குதித்தான்.

விசாரித்து வீட்டை அடைந்தவன், பக்கத்துத் தொழுவில் கண்ட காட்சியில் கல்லாய்ச் சமைந்தான். ராம்குமாரின் மாமியார் சுடலைமாடத்தி, சேலைக்கு மேலே பத்தாம் எண் பனியனை மாட்டிக்கொண்டு, எருமையின் அடியில் குந்திப் பால் கறந்துகொண்டிருந்தாள். இருபத்து மூன்று கோல் கண்ட பனியன்! முதுகில் 'சஞ்சீவி' என்ற எழுத்து அவள் அகன்ற மேனியில் நீண்டு விரிந்து, ஒவ்வொரு பீச்சலுக்கும் குலுங்கியது.

"வாங்க தம்பி, ராசபாளையமா? மருமகன் பந்து வெளையாடப் போயிருக்காக. செத்த நேரம் இருங்க."

வைகுண்டராஜ் தொண்டையைச் செருமி, ஓலை வந்ததையும் பெயர் அழியப்போவதையும் எடுத்துரைத்து முடித்தான்: "அக்கா, அந்தச் சட்டை இல்லன்னா எங்க டீமே இல்ல."

"அது இல்லன்னா எங்களுக்குப் பாலே இல்ல தம்பி" என்றாள் சுடலைமாடத்தி. "இது வத்திராயிருப்புல வாங்குன எருமை. கன்னு விழுந்தன்னிக்கு ஈரந்தொடைக்கத் துணி சிக்காம மருமகன் இந்தச் சட்டையக் கழட்டித் தொடச்சாக. எட்டாம் நாளு கன்னு செத்துப்போச்சு. வாசம் மட்டும் இதுல நின்னுட்டு. கறக்குற ஆளு மேல இது கெடந்தாத்தான் எருமை பால் எறக்கும். இல்லன்னா அடக்கிக்கிடும். கிட்டக்க போனா ஒதைக்கும். ஏழு மாசமா தண்ணியில நனைக்கல."

நம் நாயகன் சிரித்தான். சோழபுரத்தில் வளர்ந்து, பத்து வயதிலேயே இரண்டு மாடு கறந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவனிடமா இந்தக் கதை? "சட்டை இல்லாம நான் கறந்து காட்டுதேன். கறந்துட்டா தந்துருவீகளா?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று எழுந்து பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டாள் அவள். மடியில் இன்னும் பாதிப் பால் இருந்தது.

கார்முகில் நான்கு கால் முளைத்து நின்றாற்போன்ற அக்கறவையின் அருகே, கைலியை மடித்துக் கட்டி, செம்பை முழங்காலில் இடுக்கி, விரலில் எண்ணெய் தொட்டு, கோலுக்கு முன்னே ஒற்றையாய்ப் பந்து பெற்ற வீரனின் நிதானத்தோடு வைகுண்டராஜ் குந்தினான். காம்பில் கை பட்டதுதான் தெரியும். ஷாநவாஸ் ஷார்ஜா போனபிறகு சஞ்சீவிக் குழுவில் எவனும் உதைத்திராத ஓர் உதை எழுந்தது. செம்பு கூரையைத் தொட்டுத் திரும்பியது. செம்மல் சாணத்தில் கிடந்தான்.

கிடந்தவன் உடனே எழவில்லை. எருமை அவனைப் பொருட்படுத்தாமல், கழுத்தை நீட்டி, கொடியில் கிடந்த பனியனை மோந்துகொண்டிருந்தது. கன்று போய் ஏழு மாதம். அந்தப் பனியனுக்குள் ராம்குமார் இருந்தாலும் மாமியார் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். வாசம் இருந்தால் போதும், மடி தானாய்ச் சுரக்கும். ஆள் மாறி ஆள் வந்து பத்தாம் எண்ணில் இறங்கியபோதெல்லாம் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திய ஒருவனை வைகுண்டராஜுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது.

"ஏலே வைகுண்டம்" என்று அவன் தனக்குத்தானே வாய்விட்டுச் சொன்னான், "ஒனக்கும் இதுக்கும் என்னலே வித்தியாசம்?"

தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்த அனுசியா அதைக் கேட்டுவிட்டாள். சாணத்தில் கிடந்து சிரிக்கும் மனிதரைப் பார்த்து அவளுக்கு என்னவோ இளகியது. "அம்மா, ஞாயித்துக்கெழம ஆட்டம் மூணரைக்குத்தான. நம்ம கறக்குறது அஞ்சரைக்கு. குடுத்து வாங்கிக்கிடுவோமே" என்றாள். நாற்பது வருடம் மாடு மேய்த்த சுடலைமாடத்தி கொடியிலிருந்து பனியனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அஞ்சரைக்கு இங்கன வந்து நிக்கணும். பொறவு ஒண்ணு, தொவைச்சிராதீக."

இவ்வாறு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் பனியன் பெற்றுத் தோளில் போட்டு மைதானம் புகுந்த நாயகனின் முகத்தில் வெற்றிக்களை சொட்டியது. ஒன்பதும் ஒன்றும் பத்து! அந்நேரம் பார்த்து, தளவாய்புரத்திலிருந்து வரவேண்டிய சுந்தரபாண்டியனின் குரல் போனில் வந்தது.

"அண்ணாச்சி, கோயம்புத்தூர்ல வேலைக்குக் கூப்ட்டுட்டாக. பஸ்ஸுல போய்க்கிட்டு இருக்கேன். கோவிச்சுக்கிடாதீக."

பனியன் பத்து, உடம்பு ஒன்பது. பொன்னாடை போர்த்தக்கூட அவகாசம் தராமல் எட்டாமவனும் போய்விட்டான். நம் நாயகன் நெடுமூச்செறிந்தான், வானை நோக்கினான், சட்டைப் பொத்தானைக் கழற்றினான். நாற்பத்தேழு ஆண்டுத் தொந்தியைத் தாங்கும் வலிமை அந்தப் பனியனுக்கு முன்பு இருந்ததில்லை. சுடலைமாடத்தி ஏழு மாதமாய் விரித்து வைத்திருந்ததால் சிக்கென்று ஏறிக்கொண்டது.

அன்றைய பெரும்போரை விரித்துரைத்தால் ஏடு கொள்ளாது. முதல் கோலை ராம்குமார் போட்டான், மூன்றாவதையும் ஐந்தாவதையும் அவனே போட்டான், போட்டபோதெல்லாம் கைதூக்காமல் தலைகுனிந்து திரும்பினான். நம் நாயகனோ ஓடினான், நின்றான், இடுப்பைப் பிடித்தான், மீண்டும் ஓடினான். ஆனால் ஒன்று: ஏழு மாதம் தண்ணீர் காணாப் பனியனின் மணம் முன்னே செல்ல, பகைவரில் ஒருவனும் அவனைப் பத்தடிக்குள் நெருங்கவில்லை. எழுபதாம் நிமிடத்தில் அப்படித் தன்னந்தனியாய் நின்றவன் காலடிக்குப் பந்து தானாக உருண்டு வந்தது. எதிரே கோல்கீப்பரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். சஞ்சீவிக் குழுவின் சரித்திரமே மூச்சடக்க, வைகுண்டராஜ் ஓங்கி உதைத்தான்.

பந்து மதிலுக்கு அப்பால் தென்னந்தோப்பில் விழுந்தது. ஆறுக்குப் பூச்சியம் என்று ஆட்டம் முடிந்தது. லீக்கில் பெயர் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

ராம்குமார் அருகே வந்தான். மணத்தைப் பொருட்படுத்தாமல் கையைப் பிடித்தான். "அண்ணாச்சி, நீங்களா எறங்குனீக?"

"வேற யாருலே இருக்கா?" என்றான் நாயகன். கோபமாய்ச் சொல்ல நினைத்தது அழுகையாய் வந்துவிட்டது. மணி ஐந்து இருபது. மேலே பேச நேரமில்லை.

பனியனோடே ஓடினான். தொழுவில் எருமை கத்திக்கொண்டிருந்தது. கழற்றப் போனவனைச் சுடலைமாடத்தி தடுத்தாள். "அந்த வேர்வைய நான் எங்கிட்டு உடுத்த? நீங்களே உக்காருங்க தம்பி." அனுசியா செம்பை நீட்டினாள். கன்றின் வாசத்தின்மேல் மாமியாரின் வாசமும், அதன்மேல் ஆறு கோல் வாங்கிய ஒரு ரசிகனின் தொண்ணூறு நிமிட வியர்வையும் மைதானத்துப் புழுதியும் படிந்த அப்பனியனை, கார்முகில் வண்ணக் கறவை கழுத்தைத் திருப்பி மோந்தது, மீண்டும் மோந்தது, வியாழக்கிழமை வாங்கிய உதை விலாவில் விண்விண்ணென்று நினைவூட்ட, மனையும் மக்களும் தறிக்கூடமும் ஒருகணம் கண்முன் வந்துபோக, போனவர் எண்மர் முகமும் வரிசையாய்த் தோன்றி மறைய, தோல்விக்கு அஞ்சாத் தோளன், வெற்றியைக் கண்டறியா வேந்தன், சஞ்சீவியின் கடைசிக் காவலன் கண்ணை இறுக மூடிக் காம்பில் கைவைத்தான்.

எருமை மூன்றரை லிட்டர் கறந்தது.