பஞ்சுக்காது ஞானியும் மேசை விசிறியும்

ஊரே மண்டபத்தில் திரண்டு நின்றது. பஞ்சுக்காது ஞானி வந்திருக்கிறார் அல்லவா! கண்ணில் கறுப்புத் துணி, காதில் பஞ்சு. வந்தவர்கள் தங்கள் குறையைச் சீடன் காதில் கிசுகிசுக்க வேண்டும். சீடன் வாயே திறக்க மாட்டான். ஞானியின் பின்னால் நின்று விசிறுவான், அவ்வளவுதான். ஞானி குறையைப் புட்டுப்புட்டு வைப்பார். நோயாளி என்றால் கூடுதலாக ஒரு கட்டளை: "மாத்திரையைத் தூக்கிப் போடு. என் தண்ணியைக் குடி!" தண்ணீர் வாசலிலேயே விற்பனைக்கு இருந்தது. முக்காலமும் உணர்ந்தவருக்கு வியாபாரம் மட்டும் தெரியாதா என்ன?

சர்க்கரை மாத்திரைப் பையோடு அக்கா வரிசையில் நின்றாள், பக்கத்தில் அவள் கணவரான மாமா. பின்னால் நின்ற தங்கைக்கு இன்டர்நெட் கம்பெனியில் லைன் சோதிக்கிற வேலை.

"அவரு சொல்லிட்டா இன்னையோட மாத்திரைக்கு முழுக்குப் போட்டுடுவேன்டி."

"போன தடவை நிறுத்தினப்பவே மயங்கி விழுந்தியேக்கா!"

"வாயைக் கழுவு!"

தங்கைக்கு அழுகை முட்டியது. அழுதால் அக்கா திருந்துவாளா? தங்கை சீடனின் கையையே பார்த்தாள். பெண் வந்தால் நீள வீச்சு, ஆண் வந்தால் குட்டை வீச்சு. ஒரு வீச்சு என்றால் கல்யாணம், இரண்டு வேலை, மூன்று நோய். ஞானியின் மொட்டைத் தலையில் காற்றாகவே தந்தி இறங்கிக்கொண்டிருந்தது.

மூலையில் தலையாட்டும் மேசை விசிறி ஒன்று சும்மா கிடந்தது. தங்கை அதைத் தூக்கி வந்து ஞானியின் பின்னால் வைத்துச் சுவிட்சைப் போட்டாள்.

"ஐயோ, வேணாம்மா!" பேசாத சீடனுக்கு வாய் வந்துவிட்டது.

"பாவம்ண்ணே, உங்களுக்குக் கை வலிக்கும்ல?"

அடுத்து வந்த மீசைக்கார லேத்துப் பட்டறைக்காரர் முழங்கால் வலியைக் கிசுகிசுத்தார். சீடன் மூச்சு வாங்க விசிறினான். மேசை விசிறிக்கு முன்னால் அது எங்கே எடுபடும்? அது நிதானமாகத் தலையைத் திருப்பி, மொட்டையின்மேல் நீளமாக ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனது.

"மகளே! இந்த வருஷமே உனக்குக் கல்யாணம்!"

மீசை துடித்தது. "இதுலயும் ஏதாவது அர்த்தம் இருக்கும்" என்றபடி அக்கா முன்னால் போய்ச் சர்க்கரை நோயைச் சொன்னாள். மறுபடியும் ஒரு நீள வீச்சு.

"மகளே! மாப்பிள்ளை வாசல்லயே நிக்கிறான்!"

"அப்ப நான் யாருய்யா?" என்று எகிறினார் மாமா.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. தங்கை ஞானியின் காதுப் பஞ்சைப் பிடுங்கினாள்.

"நீளம் ஒண்ணு, குட்டை ஒண்ணுன்னு வெட்டி அனுப்பினா காத்துலயும் சேதி போகும். கம்பியில நாங்களும் அதைத்தான் செய்யறோம். அதுக்காக யாரையும் கும்பிடச் சொல்றதில்ல!"

அக்கா பையைத் திறந்து மாத்திரையை விழுங்கினாள். தங்கைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஞானி கண்கட்டை அவிழ்க்க மறந்து, தூணில் முட்டிக்கொண்டு ஓடினார்.

கூட்டம் கலைந்ததா? எங்கே! பாதிப் பேர் குறி கேட்க மேசை விசிறியின் முன்னால் வரிசை கட்டினார்கள். ஐயா, அந்த விசிறிக்குக்கூடச் சுவிட்சைப் போட்டால்தான் தலை ஆடும். உங்கள் தலை சும்மாவே ஆடுகிறதே! கொஞ்சம் நிறுத்தி, யோசித்துப் பாருங்கள்.