ஆறு வரி மீன்

ஒரு கொலை செய்வதென்று முடிவு பண்ணிவிட்டேன். அறுபத்து மூன்று வயதில், சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்த முடிவு. ஒன்று ரெண்டு இல்லை, முந்நூறு நானூறு உயிரைத் தீர்த்தாக வேண்டும். அத்தனையும் புழு.

புழு இருந்தது என் மகனுடைய கண்ணாடித் தொட்டியில். ரெண்டடி நீளம். உள்ளே உப்புத் தண்ணீர், நாலு கல், கல்லின் மேல் பச்சையும் ஊதாவுமாகச் சட்டைப் பொத்தான் அளவில் விரிந்து சுருங்குகிற கடல் பூக்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ரெண்டு. முத்துச்செல்வம் ஆசையாக வளர்த்தது. அவன் போய் பதினாலு மாசம் ஆகிறது. காலையில் பைக்கில் வேலைக்குப் போனான். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

அன்றிலிருந்து தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறேன். துக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மீன் ரெண்டையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா? காலையில் உட்கார்ந்தால் காப்பி அங்கே வரும், சோறு அங்கே வரும். துறைமுகத்தில் முப்பத்தோரு வருசம் விஞ்ச் ஓட்டி மூட்டை மூட்டையாகத் தூக்கியவன் நான். இப்போது என்னைத் தூக்கத்தான் ஒரு விஞ்ச் தேவைப்பட்டது. எங்கள் முத்தையாபுரத்தில் பஸ் ஓடுகிறதா நின்றுபோச்சா என்பதே எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரி இசக்கித்தாய் இருபத்தஞ்சு வருசம் உப்பளத்தில் உப்பு வாரியவள். ஒருநாள் என் காலைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா உங்க மேல பாசி படிஞ்சிரும்" என்றாள். நான் காலை மட்டும் தூக்கிக்கொண்டேன். அவளுக்குப் பதில் சொல்லி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

அப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை கல்லின் மேல் துருப்பொட்டு மாதிரி என்னமோ தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அந்தத் துரு நகர்ந்தது. புதன்கிழமை பூவின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பூ விரியவில்லை.

இசக்கித்தாய் குனிந்து பார்த்தாள்.

"புழு வச்சிட்டு."

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா புழு போயிருமா? அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இது போகணும். இல்லன்னா தொட்டிய ஜெபின் கடையில தூக்கிக் கொடுத்துருவேன். புள்ள வளத்தத புழு திங்கத என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

"ஏளா, அவன் தொட்டியவா கொடுக்கப்போற?"

"அப்ப எந்திரிச்சுப் போய் ஒரு வழியப் பாருங்க. இந்த மீனும் புழுவத் திங்க மாட்டேங்கு. நீங்களும் திங்க மாட்டிய."

எழுந்தேன். சட்டையைத் தேடினேன். போட்டால் அது வேறு யாருடைய சட்டையோ மாதிரித் தொங்கியது. பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜெபின் டவுனில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறவன். நாற்பது வயசு இருக்கும். என் மகன் தொட்டிக்கு வேண்டிய எல்லாம் அவனிடம்தான் வாங்குவான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, மகனைப் பற்றிப் பேசிவிடுவானோ என்று பயந்து, "புழுவுக்கு மருந்து கொடு" என்றேன் அவசரமாக.

மருந்து ஆகாது என்றான். இந்தத் தட்டைப்புழு மொத்தமாகச் செத்தால் விஷம் விடுமாம். சின்னத் தொட்டி தாங்காது, புழுவோடு மீனும் பூவும் சேர்ந்து போய்விடுமாம். புழு தின்கிற மீனாகப் பார்த்து விடுவதுதான் வழி என்று தொட்டி தொட்டியாகக் கூட்டிக்கொண்டு போனான்.

முதலில் ஒன்றைக் காட்டினான். பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகக் கல்யாணப் பட்டு உடுத்தின மாதிரி. மயங்கிப்போய் இதையே கொடு என்றேன்.

"கொடுக்கலாம் அண்ணாச்சி. ஆனா இதுக்கு எந்நேரமும் கல்லக் கொத்திக்கிட்டே இருக்கணும். உங்க தொட்டி சின்னது. ரெண்டு மாசத்துல தீனி தீந்து பட்டினி கெடந்து செத்துப்போவும்."

வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் அது வேண்டாம்.

அடுத்தது நீள மூக்குக்காரன். மூக்கைப் பொந்துக்குள் விட்டுப் புழுவை உருவி எடுப்பானாம். எடுத்து முடிந்ததும் பூவையும் தின்பானாம். தவிர ரெண்டடித் தொட்டி அவனுக்குத் திரும்பப் பத்தாதாம். கல்யாண வீட்டுக்கு வந்து பந்தலையும் தின்கிற சொந்தக்காரன் மாதிரி. அவனும் வேண்டாம்.

மூன்றாவது விரல் நீளம்தான். கருஞ்சிவப்பு உடம்பில் நீளவாக்கில் நீலக் கோடு ஆறு.

"இதுக்கு சிக்ஸ் லைன்னு பேரு. ஆறு வரி. சின்ன ஆளு. புழு தின்னும், பூவத் தொடாது. ஆனா கோவக்காரன், பின்னால வேற மீன் விட்டா வெரட்டுவான். மொத நாலு நாளு ஒளிஞ்சு கெடப்பான், நீங்க பயந்துரக் கூடாது."

கோபமும் ஒளிவும் எங்கள் வீட்டுக்குப் பொருத்தம் என்று தோன்றியது. மாநகராட்சிக்கு வீட்டு வரி, தண்ணீர் வரி என்று ரெண்டு வரிக்கு மேல் நான் கட்டினதில்லை. அன்றைக்கு ஆறு வரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

"என்ன மீன் இது?" என்றாள் இசக்கித்தாய்.

"சிக்ஸ் லைன்."

"ஆறாம் லைன் தெருவுலயா? அங்க கருவாட்டுக் கடைதான இருக்கு."

அவளுக்கு விளக்கிச் சொல்ல நான் பேசின பேச்சு, அதுவரைக்குமான அத்தனை மாசத்துப் பேச்சையும் சேர்த்தால் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஜெபின் சொன்னபடியே மீன் ஒளிந்துகொண்டது. மூன்று நாள் ஆளைக் காணோம். செத்துவிட்டதா என்று கேட்க மறுபடியும் கடைக்குப் போனேன். போகிற வழியில் டீக்கடையில் பழைய விஞ்ச் தோழன் தனராஜ் பிடித்துக்கொண்டான். "ஏலே வெள்ளத்துரை, உயிரோடதான் இருக்கியா?" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு ரெண்டு பேரும் டீ குடித்தோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

தொட்டியில் தண்ணீர் ரெண்டு விரல் வற்றியிருந்தது. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று நானாக ஒரு யோசனை பண்ணி, தனராஜிடம் சொல்லி ஒரு கேன் சுத்தமான தண்ணீர் ஆழக்கடலிலிருந்து வரவழைத்து, இசக்கித்தாய் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து ஊற்றிவிட்டேன். அவளிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்த பெருமையில் ஒரு பாட்டுகூட முணுமுணுத்ததாக ஞாபகம்.

அவள் வந்தாள். தொட்டியில் சுண்டுவிரலை முக்கி நாக்கில் வைத்தாள்.

"உப்பு மூணு டிகிரி இருக்கணும். நாலத் தொடுது. கடல் தண்ணியவா ஊத்துனிய?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"வெயிலுக்குத் தண்ணிதான் போவும், உப்பு எங்க போவும்? அப்படியே கெடக்கும். அதுமேல இன்னும் உப்புத் தண்ணிய ஊத்துனா நம்ம உப்பளத்துப் பாத்திதான். அடுத்த மாசம் நான் பலகையப் போட்டு உப்பு வாரணும். நல்ல தண்ணிய ஊத்துங்க."

பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், டிகிரியை நாக்கில் வைத்திருக்கிறாள். முத்துச்செல்வம் மீட்டர் போட்டுப் பார்ப்பான், அவள் நாக்கு போட்டுப் பார்ப்பாள். ரெண்டும் ஒன்றாகவே வரும். "அம்மா, உன்னைய லேபுல சேத்துவிடுதேன்" என்பான். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நான் கேன் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

நாலாம் நாள் ஆறு வரி வெளியே வந்தது. வந்ததும் வராததுமாகக் கல்லில் கொத்தின கொத்து இருக்கிறதே, பசித்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் பொட்டு ஒன்றில்லை. பூ எல்லாம் விரிந்தது. அன்றைக்கு நானாகக் கேட்டு ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் புழு.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள். கெடு இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போனது. நான் டவுனுக்குப் போனேன். மீன் தின்றது. பூ விரிந்தது. மறு வெள்ளிக்கிழமை மறுபடி புழு. இப்படி ரெண்டு மாசம். எனக்கானால் ஒன்றும் விளங்கவில்லை. டீக்கடையில் வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு ஒரு இடம் போட்டு வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தனராஜ் என் மகன் பேரைச் சொல்லி ஏதோ ஒரு வேடிக்கையைச் சொன்னான். நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அழுதேன்.

போன வெள்ளிக்கிழமை கடையில் ஜெபின் இல்லை. அவன் பொஞ்சாதி ஜெனிலா இருந்தாள். புழுத் தொல்லை தீரவே மாட்டேங்குதே என்று என் குறையைச் சொன்னேன். அவள் விழித்தாள்.

"தொல்லையா? நேத்துதான அக்கா வாங்கிட்டுப் போனாவ."

"என்னத்த?"

"புழுவத்தான்."

மீன் வாங்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்துப் புழு வாங்குகிறவளை அறுபத்து மூன்று வருசத்தில் கேள்விப்பட்டதில்லை. நான் நின்ற நிலையைப் பார்த்து ஜெனிலா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் புழுவே இசக்கித்தாய் வாங்கினதுதானாம். வியாழக்கிழமை தோறும் வருவாளாம். கடைத் தொட்டிக் கல்லிலிருந்து உறிஞ்சி ஒரு பாலித்தீன் பையில் கட்டிக் கொடுப்பார்களாம். அதை ராத்திரி நான் தூங்கினதும் தொட்டியில் ஊற்றுவாளாம்.

"ஏன்க்கா இப்படின்னு கேட்டேன் அண்ணாச்சி. 'ஒண்ணு ரோட்டுல போயிட்டு. இன்னொண்ணு நாற்காலியிலயே போயிரும் போல இருக்கு. வேற என்ன சொன்னாலும் எந்திரிக்க மாட்டாவ'ன்னு சொன்னாவ."

அன்றைக்கு டீக்கடைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். இசக்கித்தாய்க்கும் அவன் மகன்தான். அவன் வளர்த்த பூவின் மேல் தன் கையாலேயே புழுவை ஊற்றி, அது சுருங்குகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எட்டு வாரம். இந்தப் பதினாலு மாசத்தில் அவள் எங்கே வைத்து அழுதாள் என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஜெபின் என்ன சொன்னான்?" என்றாள்.

"கடையில ஆள் இல்ல."

தொட்டித் தண்ணீரைப் பார்க்கிற மாதிரியே என் முகத்தைப் பார்த்தாள். நான் கொடுத்து வைத்தவன், விரலை முக்கிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி சோற்றில் கை வைத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தெரிந்தும் தெரியாதது மாதிரியே இருந்துவிடுவது. இனி வெயிலில் அவள் அலைய வேண்டாம். அவளுக்கு முந்தி, புதன்கிழமையே நான் போய்ப் புழுவை வாங்கி வந்து ரகசியமாகத் தொட்டியில் விட்டுவிடுவது. வியாழக்கிழமை அவள் பையும் கையுமாகக் கிளம்புகையில் தொட்டியில் புழு தானாக ஊர்ந்துகொண்டிருக்கும். 'இது எப்படி வந்தது?' என்று முழிப்பாள். கேட்கவும் முடியாது. முப்பத்தஞ்சு வருசக் குடித்தனத்தில் முதல் தடவையாக நான் அவளை ஜெயிக்கப் போகிறேன். நினைக்கையிலேயே உடம்பில் ஒரு தெம்பு வந்தது.

நேற்று புதன்கிழமை. இருக்கிறதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். ஜெபின்தான் இருந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் காதோரம் குனிந்து, எனக்குக் கொஞ்சம் புழு வேண்டும், வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் கையை விட்டு, முன்கூட்டியே கட்டி வைத்திருந்த ஒரு பையை எடுத்து நீட்டினான்.

"அக்கா சனிக்கெழமையே போன் பண்ணிட்டாவ அண்ணாச்சி. 'இனிமே புழுவுக்கும் எங்க வீட்டுக்காரவுகளே வந்துருவாவ, எனக்கு ஒரு நடை மிச்சம்'னு சொன்னாவ."