நான் தடுக்கி விழுந்த கேபிளும் ஹேங்கு சாரும்

டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே ஒரு பேட்டரிக் கடை, அதற்கு மேலே மாடி, மாடியில் மூன்று ரூம், தண்ணீரே வராது என்று எல்லோரும் அடித்துச் சொன்ன இடத்தில் ஒரு போர்வெல். எட்டாங்கிளாஸில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டு, நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாக, கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்தினதை அள்ளின நான் கட்டினதுங்க இவ்வளவும். இதில் ஒன்றுகூட என்னை அலுக்க வைக்கவில்லை. அலுக்க வைத்தது மாடி ரூமுக்குக் குடி வந்த ஒரே ஒரு ஆள். கம்ப்யூட்டர் நின்றுபோனால் சந்தோஷப்படுகிற மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

தானே புயலுக்கு அடுத்த வருஷம் வந்தார். நிஜப் பேரை யாரும் சொல்வதில்லை. ஹேங்கு சார் என்றால் ஆட்டோ ஸ்டாண்டுக்கே தெரியும். "ஹேங்கு ஆயிடுச்சு அண்ணாச்சி" என்று பாடாத குறையாகப் படியிறங்கி வந்தால் அன்றைக்கு ஆறு தோசை சாப்பிடுவார். மெஷின் ஒழுங்காக ஓடினால் எழவு வீடுதான்.

"சாப்டுங்க சார்" என்று என் வீட்டுக்காரி தட்டை நீட்டுவாள்.

"வேண்டாம்மா. காலையிலேர்ந்து நல்லா ஓடிட்டிருக்கு."

"நல்லா ஓடுனா சாப்புட வேண்டிதுதான? எங்க வூட்டு மிக்சி ஓடுனா நான் பட்டினியா கெடக்குறேன்?"

அவர் வேலை இதுதான். கம்ப்யூட்டருக்குள் நெட் கேபிள் செருகுகிற கார்டு இருக்கிறதல்லவா, அதை ஓட்டுகிற புரோகிராமில் ரிப்பேர் பார்ப்பது. ஒரு பெட்டிக்குள் எட்டு பிராசஸர். எட்டும் ஒரே கார்டில் கை வைக்கும். தனித்தனியாக வந்தால் தங்கமான பிள்ளைகள். இரண்டு பேர் ஒரே நொடியில் வந்தால்தான் வம்பு. அந்த வம்பு எங்கோ வெளிநாட்டில் எப்போதாவது வருமாம், இவர் ரூமில் லேசில் வராதாம்; வந்தால்தானே பிடிக்க முடியும்? என்ன நடக்கிறதென்று பார்க்க நடுவில் இரண்டு வரி எழுதினால், அந்த நேரம் பிசகி சுத்தமாகவே வராதாம். ஒரு நாள் படியில் ஒளிந்துகொண்டு கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"நான் ரூம்ல இல்லன்னு அது நெனச்சுக்கிடணும் அண்ணாச்சி."

அவர் அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மைன்ஸில் பெர்மனென்ட். ரிடையரானதும் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இவர் போகவில்லை. "பொறந்து வளர்ந்ததெல்லாம் இங்க. எனக்கு இதான் ஊரு" என்பார். அவருக்குச் சம்பளம் கொடுக்கிற பெங்களூர் கம்பெனிக்காரன் ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டான்: சனிக்கிழமைக்குள் கோளாறைக் கண்டுபிடி, இல்லாவிட்டால் ரூமைக் காலி பண்ணிவிட்டு இங்கே வந்து உட்கார்.

வெள்ளிக்கிழமை காலை, டேங்க் வால்வைப் பார்க்க மாடிக்குப் போனேன். ரூம் வாசலில் அந்த நெட் கேபிள் குறுக்கே கிடந்தது. தடுக்கி விழுந்தேன், கேபிள் பிடுங்கிக்கொண்டது. அதே நொடியில் உள்ளே அவர் கார்டை நிறுத்துகிற கட்டளையைத் தட்டியிருக்கிறார். மெஷின் அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, அசையாதீங்க. எந்தக் கால் தட்டுச்சு?"

"முட்டி பேந்துகிச்சு சார்."

"சரி சரி. அதே மாதிரி இன்னொரு தடவ விழ முடியுமா?"

விழ மாட்டேன், உட்கார்ந்து வேண்டுமானால் இழுக்கிறேன் என்றேன். மத்தியானம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் திரும்புகிற வரைக்கும் பிடுங்கிச் செருகி, பிடுங்கிச் செருகி, தோள்பட்டை விட்டுப்போனது. இன்னும் நாலு தடவை நின்றது. நாலு தடவையும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்புறம் விளங்க வைத்தார். எட்டுப் பேரில் கார்டை நிறுத்தப் போகிறவன் கார்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிறவன் வேலையை முடிக்கட்டும் என்று நிற்கிறான். கேபிள் போனதும் கார்டைத் தட்டியெழுப்ப உள்ளே ஓடி வந்தவனோ, சாவி வந்தால்தான் முடிப்பேன் என்று நிற்கிறான். இரண்டு பேரும் நல்லவர்கள். ஆயுசுக்கும் நிற்பார்கள்.

"இதுக்கு எதுக்கு சார் நின்னுகினு? எங்க கடையில குடோன் சாவி கைக்கு வரலன்னா, நிக்காத, போயிட்டு அப்பறம் வான்னுதான் ஆளுங்களுக்குச் சொல்லுவேன்."

சட்டென்று திரும்பி உட்கார்ந்து தட்டினார், நாலு வரியோ ஐந்து வரியோ. சனிக்கிழமை முழுக்க இழுத்தேன். நிற்கவே இல்லை. மெஷின் ஓடும்போது அவர் சாப்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அனுப்புகிற ரிப்பேருக்கு அடியில் எழுதினது யார், சோதித்தது யார் என்று பேர் போடுவார்களாம். உலகம் பூராவும் பார்க்குமாம்.

"உங்க இமெயில் சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்கு ஏது சார் அதெல்லாம்?"

"அது இல்லாம அந்த வரியப் போட முடியாதே."

நேரமாகிவிட்டது. அவர் பேர் மட்டும் போனது.

பெங்களூர்க்காரனுக்கு ஒரே குஷி. இப்பேர்ப்பட்ட ஆளை மூலையில் விட்டு வைக்கலாமா என்று பெரிய வேலை கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டான். அவர் இங்கேயே இருக்கட்டும் என்றுதான் நான் தோள் வலிக்க இழுத்தேன். இழுத்ததில் ஆளே போய்விட்டார். பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லியனுப்பினேன்.

ஹேங்கு சார், இந்தப் பத்திரிகை பெங்களூரிலும் கிடைக்கும். இமெயில் திறந்துவிட்டேன். விழுந்தது நான், இழுத்தது நான், சாவி யோசனையும் என்னுடையது. அந்த வரியில் என் பேர் வந்தாக வேண்டும். போட்டாச்சு என்று போனில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. நீங்களே வந்து படித்துக் காட்டணும்.